அஞ்சுக்கு மூணு

ஐந்துக்கு நாலே முக்கால் மார்க் வாங்குகிற ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெற யாரும் வரவில்லை என்றால், ஒன்று அந்த மார்க் பொய், அல்லது தாராவிப் பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தவில்லை என்பதற்கு அறுபது அடி ரோட்டில் ஒரு சாயங்காலம் நடந்து பார்த்தால் போதும், காலுக்குள் வந்து விழுகிற வாண்டுகளே சாட்சி. அப்படியானால் மார்க்தான் பொய். இந்தச் சின்னக் கணக்கைப் போட டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தோன்றவில்லை. மார்க்கை வாங்கிக் கொடுத்த ஜுவைரியாவுக்கே ரொம்ப நாள் தோன்றவில்லை.

ஜுவைரியா அங்கே ‘பேஷண்ட் ரிலேஷன்ஸ்’ பார்க்கிறவள். பேர்தான் பெரிசு. வீட்டுக்குக் கிளம்புகிற நோயாளியின் முன்னால் ஒரு தொடுதிரை டேபை நீட்ட வேண்டும். அதில் ஐந்து மூஞ்சி. இடது ஓரத்தில் அழுகிற சிவப்பு மூஞ்சி, வலது ஓரத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பச்சை மூஞ்சி. சிவப்புக்கு ஒரு மார்க், பச்சைக்கு ஐந்து. தமிழோ ஹிந்தியோ படிக்கத் தெரியாதவர்களும் அமுக்கலாம். வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் பச்சையைத்தான் அமுக்கினார்கள். சிலர் ரெண்டு தரம் அமுக்கினார்கள், ஒன்று போதாதென்று.

ரம்ஜான் முடிந்த கையோடு டிரஸ்டின் தலைவர் மன்சூர் அலி அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேலப்பாளையத்துக்காரர், நாலைந்து லெதர் பட்டறைக்குச் சொந்தக்காரர், நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“பிரசவ வார்டை மூடிரலாம்னு இருக்கோம்மா. கட்டிலெல்லாம் சும்மாவே கிடக்கு. அந்த இடத்துல டயாலிசிஸ் போட்டா நாலு பேருக்கு உபயோகம்.”

“மூடுனா நம்ம பொம்பளையெல்லாம் எங்க போவாவ பாய்?”

“இப்பவும் எங்கயோ போய்க்கிட்டுத்தானே இருக்காவ. வார்டுல குறை இருந்தா சரி பண்ணலாம். உன் மார்க்கைப் பாத்தா குறையே இல்ல. தேவை இல்லன்னுதானே அர்த்தம்? பக்ரீத் கழிச்சு மீட்டிங். அன்னைக்கே உன் வேலையையும் பெர்மனண்ட் ஆக்கிருதேன். இப்படி மார்க்கு பம்பாயில வேற எந்த ஆஸ்பத்திரிக்கு இருக்கு?”

வேறொருத்தியாக இருந்தால் சந்தோஷத்தில் வழியில் ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஜுவைரியாவுக்கு ஷைஸ்தாவின் ஞாபகம்தான் வந்தது.

ஷைஸ்தா ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். அவள் வீட்டு வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டால் பிரசவ வார்டில் கேட்கும், அவ்வளவு பக்கம். முதல் பிள்ளையை அங்கேதான் பெற்றாள். ஜுவைரியா நீட்டிய டேபில் பச்சை மூஞ்சியை அமுக்கிவிட்டு, “போதுமாட்டி?” என்று கண்ணடித்துவிட்டுப் போனாள். இரண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்தபோது கொட்டுகிற மழையில் டாக்சி பிடித்துத் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் டாக்சிக் கதவைத் தொட்டது. பிள்ளை டாக்சிக்குள்ளேயே பிறந்து பிழைத்துக்கொண்டது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஜனங்கள் மழையை ஏசினார்கள், ரோட்டை ஏசினார்கள், விதி என்றார்கள். வாசலில் இருந்த வார்டை விட்டுவிட்டு ஷைஸ்தா ஏன் போனாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்த வருஷ மழைக்கு ஜுவைரியாவின் தங்கை நுஸ்ரத்துக்குத் தலைப்பிரசவம். அந்த நேரத்தில் வார்டில் பூட்டு தொங்கினால்?

“தேவை இல்லாம இல்ல பாய். காரணம் ஏதோ இருக்கு. மீட்டிங்குக்குள்ள கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சொல்லிவிட்டாளே தவிர, காரணம் என்ன கடையிலா விற்கிறது? வேலை முடிந்ததும் சந்து சந்தாக ஏறி இறங்கினாள். அந்த வார்டில் பிள்ளை பெற்ற பெண்களைத் தேடித் தேடிக் கேட்டாள். எல்லா வீட்டிலும் சாயா கிடைத்தது, ரஸ்க் கிடைத்தது, பதில் மட்டும் கிடைக்கவில்லை. “நல்லா இருந்துச்சு.” “குறையே சொல்ல முடியாது.” “டாக்டர் தங்கமான மனுசி.” அப்படியானால் ரெண்டாவது பிள்ளைக்கு ஏன் வேறு இடம் போனாய் என்றால், “சும்மாத்தான், அவிய சொன்னாவ” என்று புருஷன் தலையில் பழியைப் போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரிதான். ஆனால் மறைக்கிறவள் முகத்தில் இவ்வளவு பிரியம் இருந்தால் எந்தக் கையால் சோற்றைக் கிளறுவது?

மாட்டுங்கா லேபர் கேம்பில் தங்கமயில்தான் முதலில் போட்டு உடைத்தாள். சேலைக்கு ஃபால் தைத்துக் கொடுக்கிறவள். ஊசியை மடியில் குத்தி வைத்துவிட்டு, ஜுவைரியாவை ஒரு மாதிரிப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“இன்னும் எத்தன மட்டம் கேப்ப பிள்ள? அன்னைக்கே அஞ்சு போட்டேனே, பத்தலியா? உங்கம்மா சொன்னபடித்தானே போட்டேன்.”

“எங்க உம்மா என்ன சொன்னாவ?”

“எம் மகளுக்கு நிறைய மார்க்கு விழுந்தாத்தான் வேலை நிக்கும், எல்லாரும் அந்தப் பச்ச மூஞ்சிய அமுக்குங்கட்டின்னாவ. ஒவ்வொரு வாசலா வந்து சொன்னாவளே. தாய் தகப்பன் இருக்கிற பிள்ளைக்கே இந்த ஊர்ல வேலை நிக்க மாட்டேங்கு. நீ வாப்பா இல்லாத பிள்ள. நாங்க போடாம வேற யாரு போடுவா?”

எலெக்ஷனுக்கு ஓட்டுக் கேட்கிற மாதிரி உம்மா வீடு வீடாகப் போயிருக்கிறாள். இவ்வளவு காலம் டேபில் ஏறியது ஆஸ்பத்திரியின் மார்க்கே இல்லை. அத்தனையும் வாப்பா ஹமீதைப் பறிகொடுத்த மகள்மேல் தெரு வைத்திருந்த பாசம். ஷைஸ்தாவின் ‘போதுமாட்டி’ அப்போதுதான் அவளுக்கு அர்த்தமானது. லேபர் கேம்பிலிருந்து வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள்.

வீட்டில் உம்மா மெஹராஜ் மத்தி மீனை உப்புப் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். மூலையில் நுஸ்ரத் வீங்கின காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உம்மா, ஊரெல்லாம் போய் அஞ்சு போடச் சொன்னியளா?”

“சொன்னேன். பின்ன? பெத்தவ சொல்லாம பக்கத்து வீட்டுக்காரியா வந்து சொல்லுவா?”

“அது எனக்கு மார்க் இல்லம்மா. ஆஸ்பத்திரிக்கு.”

“ஆஸ்பத்திரி எப்பட்டி பரீட்சை எழுதிச்சு? டேபைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது நீ. மூஞ்சிய அமுக்குனா உனக்குத்தானே?” மெஹராஜ் மீன் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள். “வேலை பெர்மனண்ட் ஆவுதா இல்லையா, அதச் சொல்லு.”

“வார்டை மூடப் போறாவ. நீங்க வாங்கிக் குடுத்த மார்க்காலதான் மூடப் போறாவ. நாளைக்கு நுஸ்ரத்துக்கு வலி வந்தா எங்க கொண்டு போவிய?”

நுஸ்ரத் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “எனக்குத்தான் செம்பூர் நர்சிங் ஹோம்ல பேர் போட்டாச்சே ராத்தா. உம்மா உங்கிட்ட சொல்லலியா?”

மெஹராஜ் சின்ன மகளைப் பார்த்த பார்வையில் மத்தி மீன் தானாகவே வெந்திருக்கும்.

“ஊருக்கு அஞ்சு மார்க்கு, உங்க மகளுக்கு மட்டும் செம்பூரா?” ஜுவைரியாவுக்குக் குரல் ஏறிவிட்டது. “அங்க என்னம்மா குறை? என்கிட்ட சொல்லுங்க.”

“யாரு குறை சொன்னா? நல்ல ஆஸ்பத்திரிதான். நம்ம வீட்டுச் சோறு அதுலதான் வேவுது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணுத சாதியா நாம?” வாயை இறுக்க மூடிக்கொண்டாள். மெஹராஜ் வாயை மூடினால் திறப்பது கஷ்டம், அது திறந்திருக்கும்போது மூடுவதைவிடக் கஷ்டம்.

ஆனால் உண்மைக்கு வாய் வழியாகத்தான் வரவேண்டும் என்று கட்டாயமா?

அந்த வீட்டுப் பரண்மேல் ஒரு ரெக்சின் பை உண்டு. ஹமீது தன் பட்டறையில் தைத்தது. நுஸ்ரத்தைப் பெறப் போனபோது மெஹராஜ் அதைத்தான் கொண்டுபோனாள். ராசியான பை என்று பேர் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சந்தில் யாருக்கு மாசம் ஏறினாலும் பை அந்த வீட்டுக்குப் போய்விடும், பிள்ளை பிறந்ததும் துவைத்துக் காயவைத்த சாமானோடு திரும்பி வரும். இந்து, முஸ்லிம் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. ஜீஷானின் பெண்டாட்டியும் கொண்டுபோயிருக்கிறாள், சுடலையின் பெண்டாட்டியும் கொண்டுபோயிருக்கிறாள்.

ரெண்டு நாள் கழித்து மெஹராஜ் அந்தப் பையை இறக்கி, செம்பூருக்காகத் திருத்தி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். கெட்டிப் பெட்ஷீட் ஒன்று, துணி கவ்வுகிற கிளிப்புகள், ஒரு முழம் பாவாடை நாடா, நாலாக மடித்த கைத்துண்டு.

“துண்டு இருக்கட்டுமேம்மா” என்றாள் நுஸ்ரத்.

“அது இங்கன பெறுதவளுக்கு. அங்கன வேண்டாம்.”

சோற்றுத் தட்டிலிருந்து ஜுவைரியா தலையைத் தூக்கவில்லை. குரலை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். “இங்கன பெறுதவளுக்கு எதுக்குத் துண்டு?”

“வலிக்கும்போது வாயில வச்சுக் கடிச்சுக்கிட. சத்தம் வெளிய வந்தா சிஸ்டர் ஏசுவாவல்லா.” மெஹராஜ் கை பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருந்தது. “பெட்ஷீட்டு கட்டிலைச் சுத்தித் தொங்கவிட. நாடா கக்கூஸ் கதவைக் கட்ட, அதுக்குக் கொண்டி கிடையாது. தெரியாமப் போய் நின்னா முழிக்கணும்லா, அதான் பையோடயே வச்சிருக்கது.”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஷைஸ்தாவும் இந்தப் பையத்தானேம்மா கொண்டு போனா?”

“முதப் பிள்ளைக்குக் கொண்டு போனா.” மெஹராஜின் குரல் இறங்கிவிட்டது. “ரெண்டாவதுக்குப் பை கேட்டு வரல.”

குறை சொல் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஜனம், பின்னால் வருகிறவளுக்குப் புத்தி சொல் என்றால் நிறுத்தாமல் சொல்லும். இது ஜுவைரியாவுக்கு அந்தச் சோற்றுத் தட்டின் முன்னால் விளங்கியது. மறுநாள் டேபை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“தங்கமயிலக்கா, நுஸ்ரத்துக்கு நம்ம டிரஸ்ட்லன்னு வச்சுக்குவோம். பை சரியா இருக்கா பாருங்க.”

தங்கமயில் பையைத் துழாவினாள். “கிளிப்பு இன்னும் நாலு வை. ஃபேன் காத்துல பெட்ஷீட்டு பறக்கும். பிரசவ ரூமு கதவு திறந்தா நேரே பில்லு கவுண்டரு. ஆம்பளைய லைன்ல நிப்பானுவ. நான் காலை விரிச்சுக் கிடக்கேன், ஒருத்தன் வெளிய நின்னு வடா பாவ் திங்கான். கண்ண மூடிக்கிட்டேன், வேற என்ன செய்ய?” துண்டை எடுத்து விரித்துப் பார்த்தாள். “இது மெல்லிசு. கெட்டியா ஒண்ணு வை. நான் கத்துனேன்னுட்டு சங்கரேஸ்வரி சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னாவ. புருஷங்கூடப் படுக்கும்போது இனிச்சுதோ, இப்பம் மட்டும் கசக்குதோன்னு. எங்க மாமியாரு வெளிய நிக்காவ. எல்லாம் கேட்டாவ.”

அவள் அழவில்லை. ஃபால் தைக்கிற நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பத்துப் பதினைந்து வீட்டில் பையைத் திறந்து காட்டினாள். எல்லா வீட்டிலும் பை கனத்துக்கொண்டே போனது. மீட்டிங்கில் என்ன பேச வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. அதற்கு முன்னால் இன்னொரு ஆளிடம் பேச வேண்டியிருந்தது. முதுகுக்குப் பின்னால் வத்தி வைக்கிற பழக்கம் ஜுவைரியாவுக்குக் கிடையாது.

பிரசவ வார்டின் தலைமை சிஸ்டர் சங்கரேஸ்வரி லேபர் கேம்பில் பிறந்து வளர்ந்தவள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள். ஜுவைரியா போனபோது காலிக் கட்டிலுக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்ததும் சிரித்தாள்.

“இந்தப் பைய எனக்குத் தெரியுமே. எல்லாரும் இதத் தூக்கிட்டுத்தான் வருவாளுவ. பெட்ஷீட்டு, துண்டு, எல்லாம் வச்சிருப்பாளுவ. நல்ல சுத்தம் பாக்குத பிள்ளையன்னு நினைச்சுக்கிடுவேன்.”

“துண்டு எதுக்கு தெரியுமாக்கா?”

“மூஞ்சி துடைக்க.”

“கடிக்க. கத்துனா நீங்க ஏசுவியன்னு.”

அதன் பிறகு ஜுவைரியா எதையும் மிச்சம் வைக்கவில்லை. தங்கமயிலுக்குச் சொன்ன வார்த்தையையும் அப்படியே திருப்பிச் சொன்னாள். சங்கரேஸ்வரி தலையணை உறையைக் கையில் பிடித்தபடி கேட்டாள். முதலில் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது.

“ரம்ஜானுக்கு எனக்குக் கஞ்சி குடுத்தனுப்புனாளுவளே” என்றாள். “பொங்கலுக்குக் கரும்பு வந்துச்சே. ஒருத்தியாவது மூஞ்சிக்கு நேரே சொன்னாளா? நான் ஏசுனேன்தான், இல்லைங்கல. எங்க பெரிய சிஸ்டர் எங்களுக்கு அப்படித்தான் பழக்குனாவ, ஏசுனா முக்குவா, பிள்ள சீக்கிரம் வந்துரும்னு. ஒத்த ஆளா மூணு பேரு வலியப் பாக்கும்போது வாயில என்ன வருதுன்னே தெரியாது பிள்ள. இன்னொரு சிஸ்டர் வேணும், கதவுக்கு ஸ்க்ரீன் வேணும், கக்கூசுக்குக் கொண்டி வேணும்னு எத்தன மட்டம் கேட்டேன். மன்சூர் பாய் என்ன சொன்னாவ தெரியுமா? மார்க்கு இவ்வளவு நல்லா இருக்கே, இன்னும் எதுக்கு செலவுன்னாவ. உன் மார்க்கு எங்க எல்லாரு வாயையும் அடைச்சுட்டுல்லா?”

அந்தக் கடைசி வார்த்தை ஜுவைரியாவைச் சுட்டது. சரியான சூடு, வாங்க வேண்டிய சூடு.

“மீட்டிங்குல சொல்லப் போறேன்கா. உங்க பேரும் வரும்.”

“வரட்டும். நானும் வாறேன். என்னைப் பத்திப் பேசுத இடத்துல நான் இல்லாம எப்படி?”

பக்ரீத் கழிந்து மீட்டிங் நடந்தது. மேஜையைச் சுற்றி டிரஸ்டிகள், நடுவில் சமோசா. ஜுவைரியா சமோசாத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, பையை மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்தாள். பெட்ஷீட் இதற்கு. கிளிப் இதற்கு. நாடா இதற்கு. கடைசியாகத் துண்டை எடுத்து மன்சூர் அலியின் முன்னால் வைத்தாள். அதில் ஒரு ஓரத்தில் பல் பதிந்து நைந்த இடம் இருந்தது. எத்தனை பேரின் பல்லோ.

“நாலே முக்கால் மார்க்கு போட்ட பொம்பளையதான் பாய் இதைக் கடிச்சாவ. அந்த மார்க்கு எனக்குப் போட்டது. எங்க உம்மா வீடு வீடாப் போய்க் கேட்டு வாங்கினது. ஆஸ்பத்திரிக்கு என்ன மார்க்குன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஷைஸ்தாவும் அஞ்சு போட்டவதான். ரெண்டாவது பிள்ளைக்கு நம்ம வாசலைத் தாண்டிப் போனா. போனவ வரல.”

ஒரு டிரஸ்டி தொண்டையைக் கனைத்தார். “ஆனா ஒரு கம்ப்ளைண்ட்கூட எழுத்துல வரலையே.”

கதவோரம் நின்ற சங்கரேஸ்வரி முன்னால் வந்தாள். “நான் ஏசுனேன் சார். எழுத்துல வேணும்னா நானே எழுதித் தாறேன்.”

சமோசா ஆறிப்போனது. மன்சூர் அலி துண்டை எடுத்து, பல் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். “சரிம்மா. வாஸ்தவமாக் கேட்டா மார்க்கு விழுமே. டொனேஷன் தர்றவங்கல்லாம் அதத்தான் பாக்காங்க.”

“விழட்டும் பாய். விழுந்தாத்தானே எங்க அடின்னு தெரியும்?”

“உன் வேலையும் அந்த மார்க்கை வச்சுத்தான்.”

“அப்ப அதுவும் காத்துக்கிடக்கட்டும். வார்டை இந்த மழைக்கு மூடாதிய. அது போதும்.”

தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்றார் மன்சூர் அலி. பில் கவுண்டரை அடுத்த பக்கம் மாற்றவும், இன்னொரு சிஸ்டரை வைக்கவும், திரைக்கும் கொண்டிக்கும் அன்றே கையெழுத்துப் போட்டார். பிரசவ ரூமுக்குள் வீட்டுப் பெண் ஒருத்தி கூட நிற்கலாம் என்பதற்கு மட்டும் டாக்டரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஜுவைரியா மல்லுக்கட்டினாள்.

வீட்டில் அதைவிடப் பெரிய மல்லுக்கட்டு. ஓட்டுக் கேட்டுப் போன வாசலுக்கெல்லாம் மறுபடி போக வேண்டும் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டாள். மெஹராஜ் ஒரு நாள் முழுக்க மகளோடு பேசவில்லை. மறுநாள் பர்தாவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். “ஏட்டி, இனிமே உள்ளதச் சொல்லுங்க. அது இவளுக்கு மார்க் இல்லையாம், ஆஸ்பத்திரிக்காம். அந்த எழவு இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது” என்று சந்து சந்தாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

டேபைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். அமுக்கும்போது ஜுவைரியா அந்தப் பக்கமே நிற்பதில்லை. கிளம்புகிற ஒவ்வொரு தாயிடமும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், அடுத்து வருகிறவளுக்குப் பையில் என்ன வைக்கச் சொல்லுவாய்? மார்க் தடதடவென்று சரிந்து மூன்றுக்கும் கீழே போனது. டிரஸ்டிகள் போன்மேல் போன் போட்டார்கள். ஜுவைரியா அசையவில்லை. ‘கொசு வலை வை’ என்று நாலு பேர் சொன்னால் ஜன்னலுக்கு வலை அடித்தாள். ‘குடிக்க வெந்நீர் ஃபிளாஸ்க் வை’ என்றால் வார்டில் வெந்நீருக்கு வழி பண்ணினாள். சங்கரேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிடும், திரும்பி நின்று சுவரைப் பார்த்து விழுங்குவாள். ஒரு தரம் தப்பி வந்துவிட்டது. அன்றைக்கே அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் போய், “நான் சொன்னது தப்பு தாயி” என்றாள். அதையும் ஜுவைரியா பார்த்தாள்.

பை மெல்ல மெல்ல இளைத்தது. முதலில் நாடா வெளியே வந்தது, பிறகு கிளிப், பிறகு பெட்ஷீட்.

செம்பூர் ஏற்பாடு மட்டும் மாறவில்லை. மெஹராஜ் அங்கே போட்ட பேரை எடுக்கவில்லை, ஜுவைரியாவும் எடுக்கச் சொல்லவில்லை. ஒருத்தரிடமும் ஓட்டுக் கேட்பதில்லை என்று ஊருக்குச் சொன்னவள் உம்மாவிடம் மட்டும் கேட்க முடியுமா?

அதே சந்து இசக்கிராஜின் மருமகள் ஷ்ருதி பிள்ளை பெற்றுப் பையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, மெஹராஜ் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். “துவைக்கலியா?”

“நனையவே இல்ல பெரியம்மா. எடுக்கவே இல்ல” என்றாள் ஷ்ருதி.

மெஹராஜ் துண்டை மறுபடி மடித்துப் பைக்குள்ளேயே வைத்தாள்.

நுஸ்ரத்துக்கு ஒரு காலையில் வலி எடுத்தது. ராத்திரி பெய்த மழை விட்டு வெயில் அடித்தது, ரோடெல்லாம் காலி. செம்பூருக்கு நொடியில் போய்விடலாம். அவள் புருஷன் பைசான் பாண்டுப்பிலிருந்து டாக்சியோடு வந்து சந்து முனையில் நின்றான். நுஸ்ரத் ஒரு கையால் அக்காவைப் பிடித்துக்கொண்டாள், மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சந்து முனையில் இடது பக்கம் டாக்சி, வலது பக்கம் வார்டு. ஜுவைரியா நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மெஹராஜ் ரெண்டு பக்கமும் பார்த்தாள்.

“பைசான், டாக்சியை அனுப்பிரு” என்றாள். பையை இறுக்கிக்கொண்டு வலது பக்கம் நடந்தாள்.

மெஹராஜ் உள்ளே போனாள், ஜுவைரியா திரைக்கு வெளியே உட்கார்ந்தாள். மத்தியானம் ஆனது. நுஸ்ரத்தின் முனகல் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அந்த மௌனம் ஜுவைரியாவை எழுந்து நிற்க வைத்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது, நுஸ்ரத் பையிலிருந்து துண்டை எடுத்திருக்கிறாள். திரைக்குப் பின்னாலிருந்து சங்கரேஸ்வரியின் குரல் வந்தது.

“இத எதுக்கு வாயில திணிக்க? எடு, எடு. கத்து தாயி. நல்லாக் கத்து. யாரு என்ன சொல்லுதான்னு நான் பாக்கேன்.”

நுஸ்ரத் கத்தினாள். அப்படியொரு கத்து. மாற்றி வைத்த பில் கவுண்டரில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஷைஸ்தாவின் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். ஜுவைரியா சுவரில் சாய்ந்து, கூச்சமே இல்லாமல் ஓவென்று அழுதாள். அவள் அழுகையோடு சேர்ந்து உள்ளே இன்னொரு அழுகை புதுசாகக் கேட்டது.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று மெஹராஜ் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். டேபை ஏறிட்டுப் பார்த்தாள். ஜுவைரியா அந்தப் பக்கம் போகாமல் தூரத்திலேயே நின்றாள். மெஹராஜின் விரல் பச்சை மூஞ்சியின் பக்கம் போனது, நின்றது, திரும்பி வந்தது. நடுவிலிருந்த மூஞ்சியை அமுக்கியது. சிரிக்கவும் சிரிக்காத, அழவும் அழாத மூஞ்சி.

“அஞ்சுக்கு மூணாம்மா?” ஜுவைரியாவுக்கு ஓடி வராமல் இருக்க முடியவில்லை.

“ஆமா. பிள்ள பெத்தவளுக்கு ஆறிப்போன சாயாவையா குடுப்பாவ? அதுக்கு ஒரு மார்க்கு கட்டு. கக்கூசுல பக்கெட்டு ஓட்டை, ஊத்த ஊத்தப் போவுது. அதுக்கு ஒண்ணு.” குரலைக் கொஞ்சமும் தணிக்கவில்லை. வார்டு முழுக்கக் கேட்டது, சங்கரேஸ்வரிக்கும் கேட்டது. அவள் நேரே பக்கெட்டைப் பார்க்கப் போனாள்.

“உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு சொன்னிய அன்னைக்கு?”

மெஹராஜ் பேத்தியின் தலைத்துணியைச் சரி பண்ணினாள். “ரெண்டாவதுக்கும் இங்கனதானட்டி வரப்போறோம். சொல்லாம விட முடியுமா?”